சொந்த பலத்தில் வந்த வண்டி

பிசேசரின் டாக்ஸி செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, லம்பாசாவிலிருந்து தீவின் மறுகரையிலுள்ள சவுசவு ஊருக்குப் போகும் மலைச்சாலையின் மூன்றாவது வளைவில். பின்சீட்டில் இருந்த அம்மாள் அப்போதுதான் ரொட்டிப் பார்சலைப் பிரித்து இரண்டாவது வாய் வைத்திருந்தார்.

முதலில் டக் டக் என்று ஒரு சத்தம். யாரோ பானெட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுவது போல. பிசேசர் வேகத்தைக் குறைத்தான். தட்டல் அதிகமாயிற்று. பிறகு ஒரே ஒரு 'டப்'. தட்டியவன் உள்ளே வந்துவிட்டான்.

அம்மாள் மென்றுகொண்டே கேட்டார். "இங்கயே இறக்கி விடப் போறியாப்பா?"

கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்து, சர்க்கரை ஆலைச் சாலையில் இருக்கும் லோசாவின் பட்டறையில் வண்டியைச் சேர்த்தது. லோசா கொஞ்சமாகப் பேசுவாள். பேசினால் கேட்டவனுக்குத் தூக்கம் வராது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள், குழாய் கேமராவை உள்ளே விட்டாள், சின்னத் திரையை பிசேசர் பக்கம் திருப்பினாள். பிஸ்டனின் தலையில் ஓட்டை. கட்டைவிரல் போகும்.

அடுத்து டேங்க் மூடியைத் திறந்து மோந்தாள்.

"அண்ணே, இதுல ஸ்டவ்வு பத்த வைக்கலாம்."

மூன்று நாளாக பிசேசர் ஒரே பங்க்கில்தான் பெட்ரோல் போட்டிருந்தான். புது லோடு என்று பம்ப்காரன் பெருமையாகச் சொன்னதும், பழைய லாந்தர் வாடை ஒன்று வந்ததும், அது தன் சட்டையிலிருந்து வருகிறது என்று தான் நினைத்துக்கொண்டதும் இப்போது வரிசையாக அவனுக்கு ஞாபகம் வந்தன.

லோசா விளக்கினாள். பெட்ரோலுக்கு வேண்டியது பலம் இல்லை, பொறுமை. பிஸ்டன் மேலே வந்து, பொறி விழுந்து, அதற்கப்புறம் எரிய வேண்டும். மண்ணெண்ணெய் கலந்தால் அந்தப் பொறுமை போய்விடும். நேரம் வருவதற்கு முன்னாலேயே வெடிக்கும். அந்த வெடிதான் தட்டல். தட்டிக்கொண்டே இருந்தால் ஓட்டை.

பட்டறையின் மூலையில் தார்ப்பாய் போட்ட இன்ஜின் ஒன்று இருந்தது. அதே ரகம், ஜப்பானில் கழற்றியது. இரண்டே நாளில் மாட்டிவிடலாம் என்றாள். பங்க் முதலாளியும் வம்பு பண்ணவில்லை. மிக மரியாதையாக பிசேசரை உட்கார வைத்து, கெட்ட பெட்ரோல் என்று எரிபொருள் வாரியம் ஒரு கடிதம் கொடுக்கட்டும், மறுநாளே அந்த இன்ஜின் உங்களுடையது என்றார். இவ்வளவு மரியாதை ஏன் என்று பிசேசர் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அவன் யோசித்ததெல்லாம் ஏழாம் நம்பரைப் பற்றித்தான்.

லம்பாசா மார்க்கெட்டுக்கு எதிரே டாக்ஸி நிலையத்தில் பன்னிரண்டு இடங்கள். ஏழாவது அவனுடையது. பதினோரு வருஷம் பட்டியலில் காத்திருந்து வாங்கிய இடம். கடைசியில் அதுவும் ஒருவர் மாரடைப்பில் போனதால் கிடைத்தது. நிலையத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இருபத்தோரு நாள் வண்டி வரிசையில் நிற்காவிட்டால், இருபத்தோராம் நாள் ஐந்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதும்போது அந்த இடம் பட்டியலில் அடுத்தவனுக்கு. இடம் போனால் பிசேசர் மறுபடியும் பட்டியலின் கடைசிக்குப் போய், அறுபது வயது வரை காத்திருக்க வேண்டும்.

பட்டியலில் அடுத்தவன் கெமுவேலி. நல்ல மனுஷன். பிசேசரைக் கண்ட இடத்திலெல்லாம் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னான்.

"ஒண்ணும் அவசரமில்ல மச்சான். நிதானமா பாரு. இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு."

எரிபொருள் தர உறுதி வாரியம் ஆற்றங்கரையில் பச்சை பெயின்ட் அடித்த இரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் பித்தளைப் பலகை. 'இவ்வாரியம் தொடங்கிய நாள் முதல், எரிபொருளால் நின்றுபோன வாகனம் எதுவும் இந்த வாசலுக்குள் வந்ததில்லை.' காவலர் எபரமா தினமும் காலையில் அதை எலுமிச்சம்பழம் தேய்த்துத் துலக்குவார். பிசேசரின் வண்டியை டிராக்டர் இழுத்துவந்து நிறுத்தியபோதும் துலக்கிக்கொண்டிருந்தார்.

"கயித்த அவுத்துடுங்க," என்றார் திரும்பாமலே. "வாகனம் சொந்த பலத்துல வரணும்."

"ஓடாத வண்டிண்ணே. ஓடலங்கறதுதான் புகாரே."

"ஓடினாத்தான் அது வாகனம். ஓடலன்னா பழைய இரும்பு. அதுக்கு வேற ஆபீஸ். ஆத்துக்கு அந்தப் பக்கம்."

டிராக்டர் திரும்பியது. போகிற வழியில் கெமுவேலி கையசைத்து, பதினைந்து விரல் காட்டுவதற்குச் சிரமப்பட்டான்.

யோசனை சொன்னது லோசாதான். வண்டி ஹைப்ரிட். இன்ஜின் செத்தாலும் அடியில் பெரிய பேட்டரி இருக்கிறது. அதில் மிச்சம் இருப்பது முந்நூறு மீட்டருக்குக் காணும். வாரியத்துக்கு முந்தின திருப்பத்தில் ஒரு மாமரம். அதுவரை டிராக்டர் இழுக்கட்டும். அங்கே கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பேட்டரியிலேயே உள்ளே போய்விடலாம். ஏதோ இரண்டு வயரைக் கழற்றினாள், ஒன்றை மாட்டினாள், போய் வா என்றாள்.

மறுநாள் மாமரத்தடியில் கயிறு அவிழ்ந்தது. பிசேசர் பொத்தானை அமுக்கினான். வண்டி மூச்சு விடாமல் நகர்ந்தது. வாசலில் எபரமா விறைப்பாக நின்று சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். ஒரு சட்டத்தை ஏமாற்றிவிட்டோம் என்று பிசேசருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஏறக்குறைய பத்து நிமிஷம் இருந்தது.

ஆய்வாளர் மெரேஸீனி மேடம் வந்தார். பானெட்டின் மேல் காதை வைத்தார். கண்ணை மூடினார். பிறகு மற்றக் காதை வைத்தார். ஃபாரத்தில் எழுதத் தொடங்கினார். தட்டல், இல்லை. அதிர்வு, இல்லை. புகை, இல்லை. சத்தம், இல்லவே இல்லை.

"மேடம், இன்ஜின் ஓடவே இல்ல. அதனாலதான் சத்தமில்ல."

மேடம் அவனைப் பரிவோடு பார்த்தார். "சத்தம் ஏன் இல்லைன்னு எழுத இதுல கட்டம் கிடையாது தம்பி."

பிறகு கவுன்டரில் அவனிடம் ஒரு புட்டி கொடுக்கப்பட்டது. பெயர் 'நிறைதிறன்'. வாரியமே தயாரித்து, வாரியமே சோதித்து, வாரியமே அங்கீகரித்த திரவம். புகார் கொடுப்பவர் அதை வாங்கி டேங்கில் ஊற்றினால்தான் புகாருக்கு நம்பர் விழும். ஊற்றினான்.

சோதனை மதியம் நடந்தது. பெட்ரோலைப் பிரித்துப் பார்க்கும் இயந்திரம் ஒன்று மூன்று வருஷத்துக்கு முன்பே கப்பலில் வந்திருந்தது. இன்னும் மரப்பெட்டிக்குள்தான் இருந்தது, ஏனென்றால் பெட்டியைத் திறக்கும் முறை எழுதிய புத்தகம் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மேல் கவா என்ற மயக்க வேர்ப்பானம் கரைக்கும் மரத்தாம்பாளத்தை வைத்து, சுற்றிலும் பாய் விரித்து, ஐந்து நிபுணர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்ததால் அவர்கள் கண்கள் பாதி மூடியிருந்தன. அதைக் கவனக் குவிப்பு என்று மெரேஸீனி மேடம் மெதுவாக விளக்கினார்.

பிசேசரின் டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோல் கண்ணாடிக் குடுவையில் வந்தது. கவா கலக்குகிறவர் பழக்க தோஷத்தில் அதைச் சிரட்டையில் ஊற்றி, மூத்த நிபுணரைப் பார்த்துக் கேட்டார்: "ஏத்தமா, வத்தமா?"

கவா குடிக்கிறவர்களிடம் கேட்பது அப்படித்தான். சிரட்டை நிறைய வேண்டுமா, பாதி போதுமா என்று. மூத்தவர் வத்தம் போதும் என்றார். எல்லோரும் கவா வழக்கப்படி ஒரு தடவை கை தட்டினார்கள். குடிக்கப்போன அவரை மேடம் கடைசி நொடியில் தடுத்து, மோந்து பார்த்தால் போதும் என்று நினைவுபடுத்தினார். சிரட்டை சுற்றி வந்தது. நான்கு பேர் மோந்து தலையாட்டினார்கள். ஐந்தாவது ஆள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"இது மண்ணெண்ணெய் சார்," என்றார் அவர்.

மூத்தவர் கண்ணை முழுதாகத் திறந்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"உன் சான்றிதழ் எதுக்கு?"

"பெட்ரோல் மோந்து பாக்கறதுக்கு சார்."

"மண்ணெண்ணெய் எந்த இலாகா?"

"வீட்டு உபயோகம் சார்."

"அப்ப வீட்டு உபயோக இலாகாவோட வாசனைய இங்க உக்காந்துகிட்டு எப்படி மோந்த?"

இளையவர் தலை குனிந்தார். மன்னிப்பாக ஒரு சுற்று கவா அவர் செலவில் வந்தது. அறிக்கை எழுதப்பட்டது. 'அனுமதிக்கப்பட்ட வாசனைகளை மட்டும் மோந்ததில், மாதிரி நூற்றுக்கு நூறு பெட்ரோல்.'

பிசேசர் படியேறித் தலைவரிடமே போனான். தலைவர் சத்யேந்திரா கனிவான மனிதர். தன் மேஜையில் யாரும் அழுவதை அவர் விரும்புவதில்லை. மேஜைக்கு முன்னால் அதற்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார். பிசேசர் எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டை, மாமரம், கயிறு, பேட்டரி, ஏழாம் நம்பர், பதினோரு வருஷம். தலைவர் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. ஆய்வாளரின் ஃபாரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி, இந்த வாரியத்துக்கு வயசு ஆறு. பெட்ரோல் கெட்டதுன்னு இந்த ஆறு வருஷத்துல நாங்க ஒரு வரி எழுதினது கிடையாது. ஏன் தெரியுமா? ஒரு தடவ எழுதிட்டா ரெண்டாவது தடவயும் எழுதச் சொல்வாங்க. அப்புறம் ஒவ்வொரு லோடும் பாக்கணும். பாக்க ஆரம்பிச்சா கெட்டதுதான் கண்ணுல படும். கெட்டது கண்ணுல பட்டா, தரத்த உறுதி பண்றதுக்குன்னு ஒரு வாரியம் எதுக்குன்னு கேள்வி வரும். மக்களுக்கு வேண்டியது நல்ல பெட்ரோல் இல்ல தம்பி. நிம்மதி. அத நாங்க லிட்டர் கணக்கா தர்றோம்."

அவர் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை என்று தோன்றியதுதான் பிசேசருக்குப் பயமாக இருந்தது.

இன்னும் இரண்டு வாரத்தில் எரிபொருள் தர நாள் என்றார் தலைவர். அமைச்சகத்திலிருந்து ஆள் வருகிறார். நிறைதிறன் ஊற்றிய வண்டிகளிலேயே சத்தமில்லாத வண்டியை மாதிரி வாகனமாகக் காட்ட வேண்டும். இதுவரை அப்படி ஒன்று கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்களாம். அதுவரை வண்டி வாரியத்தின் பாதுகாப்பில் இருக்கும். எந்தத் தேதி என்று பிசேசர் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தான். இருபத்தோராம் நாள்.

"எனக்கு ஒரு கடிதம் வேணும் சார்."

"கண்டிப்பா. விழா முடிஞ்ச கையோட, என் கையெழுத்தோட."

லோசாவிடம் வந்து சொன்னபோது அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். நல்ல பெட்ரோலில் அந்த மாதிரி திரவம் கொஞ்சம் விட்டால் உள்ளே அழுக்கு சேராது, அது உண்மைதான் என்றாள். "ஆனா ஓட்டை பிஸ்டனுக்கு அத ஊத்தறது, செத்தவன் வாயில இருமல் மருந்து ஊத்தற மாதிரி. போய் மேடையிலயே சொல்லிடுங்கண்ணே. அத்தனை பேர் முன்னால மறைக்க முடியாது."

அந்த யோசனையைப் பிசேசர் இரண்டு வாரம் மனப்பாடம் செய்தான்.

விழா மூன்று மணிக்கு. பந்தல், நாற்காலி, பேண்டு வாத்தியம். கழுவி மெழுகிட்ட டாக்ஸிக்குப் பூமாலை. அமைச்சக விருந்தினர் நிறைதிறன் புட்டியைத் திறந்து, குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுவது போல டேங்கில் விட்டார். பிசேசர் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான். பேட்டரியில் மிச்சம் இருந்த கடைசி உயிரில் வண்டி பத்து மீட்டர் நகர்ந்து மேடைக்கு முன் நின்றது. ஒரு ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். கூட்டம் எழுந்து கை தட்டியது.

அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நாலு மணி ஐந்து நிமிஷம். பிசேசர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான்.

"இந்த வண்டியில இன்ஜின் செத்துப்போச்சு. பிஸ்டன்ல ஓட்டை. இந்த ஊர் பங்க்குல போட்ட பெட்ரோல்ல மண்ணெண்ணெய் இருந்துச்சு. இன்ஜின் செத்து இருபத்தோரு நாளாச்சு. சத்தியமா சொல்றேன்."

பேண்டுக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார். அமைச்சக விருந்தினர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மெதுவாக, மிக மெதுவாகப் புன்னகைத்து, பிசேசரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

"கேட்டீங்களா?" என்றார். "இன்ஜின் செத்து இருபத்தோரு நாள். உங்க கண்ணு முன்னால ஓடி வந்து நிக்குது. உலகத்துல எந்த நாட்டுத் திரவமாவது செத்த இன்ஜின ஓட வெச்சிருக்கா?"

கைதட்டல் அடங்க ஏழு நிமிஷம் ஆனது. விருந்தினர் பிசேசரைக் கட்டிக்கொண்டார். புகைப்படத்துக்காக இரண்டாம் தடவையும் கட்டிக்கொண்டார்.

கடிதம் நாலே முக்காலுக்குக் கையில் வந்தது. தங்க ஓரம், தலைவரின் கையெழுத்து. 'இவ்வாகனம் இத்தீவின் தலைசிறந்த இயங்குநிலையில் உள்ளது. இதில் உள்ள எரிபொருள் குற்றமற்றது.' பிசேசர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினான். ஆலைச் சங்கு ஊதியபோது நிலையத்தின் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஏழாம் நம்பரில் கெமுவேலி தன் வண்டியைப் பின்வாங்கி, அழகாக, கோடு தொடாமல் நிறுத்திக்கொண்டிருந்தான்.

நிலையத் தலைவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இவ்வளவு நல்லா ஓடற வண்டிய ஏம்ப்பா மூணு வாரமா வரிசைக்குக் கொண்டு வரல?"

பங்க் முதலாளி ஒரே தடவைதான் படித்தார். நன்றி சொல்லி, ஒரு நகல் எடுத்து, பம்ப்புக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டினார்.

வாரியம் பிசேசரைக் கைவிடவில்லை. மாதிரி வாகன ஓட்டுநர் என்று ஒரு பதவி உண்டாக்கி, சீருடை தைத்து, அவனையே போட்டார்கள். வெளியூர் ஆட்கள் வரும்போதெல்லாம் வண்டியைப் பத்து மீட்டர் ஓட்ட வேண்டும். பேட்டரியும் செத்துவிட்டதால், பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் குனிந்து நான்கு பேர் தள்ளுவார்கள். அவர்களுக்கு உந்துதிறன் உதவியாளர் என்று பெயர். மேற்பார்வைக்கு ஒரு அதிகாரி. மற்ற நேரங்களில், எபரமா ஓய்வு பெற்றுவிட்டதால், வாசலையும் பிசேசரே பார்த்துக்கொண்டான். பித்தளைப் பலகைக்கு எலுமிச்சம்பழத்தைவிடப் புளி நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தது அவன்தான். தலைவரே பாராட்டினார்.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பலகையைத் துலக்கிக்கொண்டிருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. கயிற்றின் மறுமுனையில் ஒரு டாக்ஸி. ஹைப்ரிட். பானெட்டில் ஏழாம் நம்பர். உள்ளேயிருந்து கெமுவேலி இறங்கினான். மூன்று நாள் தூங்காத முகம். லாந்தர் வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

"மச்சான், நீ இங்க இருக்கியா, நல்லதாப் போச்சு," என்றான். "மலையில தட்டிக்கிட்டே வந்துச்சு. டப்புன்னு நின்னுடுச்சு. லோசா பாத்துட்டு ஓட்டைங்கறா. ஒரு கடிதம் மட்டும் வாங்கிக் குடு. இருபத்தோரு நாள்ல நாலு நாள் போயிடுச்சு."

பிசேசர் புளியைக் கீழே வைத்து, கையைத் துடைத்தான். கெமுவேலியின் வண்டியைப் பார்த்தான். தன் வண்டியைவிட இரண்டு வருஷம் புதுசு. பேட்டரி நல்ல பேட்டரியாக இருக்கும். யாரும் தள்ளாமலே, இன்னும் சத்தமில்லாமல், பத்து மீட்டர் என்ன, முந்நூறு மீட்டரே போகும். வாரியத்துக்கு மாதிரி வாகனம் ஒன்றுதான் தேவை. ஓட்டுநரும் ஒருவர்தான்.

தெருமுனை மாமரம் இங்கிருந்தே தெரிந்தது. லோசா கெமுவேலிக்கு அந்தப் பேட்டரித் தந்திரத்தைச் சொல்லியிருக்கவில்லை. போன தடவை அந்த யோசனை கொண்டுபோய் விட்ட இடத்தை அவள் மறந்திருக்கமாட்டாள்.

பிசேசர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கயித்த அவுத்துடு மச்சான். வாகனம் சொந்த பலத்துல வரணும்."

"ஓடாத வண்டிய எப்படிடா?"

"ஓடலன்னா அது பழைய இரும்பு," என்றான் பிசேசர். "வேற ஆபீஸ். ஆத்துக்கு அந்தப் பக்கம். நிதானமாப் போ, அவசரமில்ல. இன்னும் பதினேழு நாள் கிடக்கு."